‘ரெடி’ என்று காட்டிக்கொண்டே வேலைநிறுத்தம் செய்த பிரிண்டர்

எங்களுடையது பத்திரம் எழுதும் ஆபீஸ். மூன்று மேஜை, மூன்று கம்ப்யூட்டர், மூன்றுக்கும் பொதுவாக 2013-ல் வாங்கிய ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். ஒன்றரை லட்சம் பக்கத்தை நெருங்கிவிட்டது. ஆனாலும் லீகல் சைஸ் ட்ரேயில் முத்திரைத்தாளைக் கோணாமல் இழுப்பதால் அதை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. அந்தப் பிரிண்டர் ஒரு திங்கட்கிழமை மதியம் வாயை மூடிக்கொண்டது. மறுபடி ஒழுங்காக ஓட பதினொரு நாளும் 6,340 ரூபாயும் போயிற்று. இதில் உண்மையிலேயே தேவைப்பட்ட செலவு எவ்வளவு என்று பிறகு கணக்குப் பார்த்தால், சைபர். பழுது என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. இதே நிலையில் நிற்கிறவர்கள் கையை பர்ஸுக்குக் கொண்டுபோகும் முன் படிக்கட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அறிகுறி இதுதான்: பிரிண்டரின் சின்னத் திரையில் ‘ரெடி’ என்று இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது. மூன்று கம்ப்யூட்டரிலும் ‘ஆஃப்லைன்’ என்று இருக்கிறது. பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் போய் உட்கார்கிறது, வெளியே வரவில்லை. ஆஃப் செய்து ஆன் செய்தோம். கேபிளைப் பிடுங்கிச் சொருகினோம். “அண்ணே, இன்னொரு தடவ அடிக்கட்டுமா?” என்று ஆபீஸ் பையன் கேட்டபோதெல்லாம் “அடிப்பா” என்றேன். இந்த ‘அடிப்பா’வுக்கு நான் தனியாக 600 ரூபாய் கொடுத்தேன், அது பிறகு வரும். அன்று காலை 11 மணிக்கு இன்டர்நெட் ஆள் வந்து பழைய மோடத்தை எடுத்துவிட்டு ஃபைபர் ரூட்டர் மாட்டிவிட்டுப் போயிருந்தார். காலையில் நடந்ததையும் மதியம் நடந்ததையும் மூன்று பேரில் ஒருவர்கூட முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. இன்டர்நெட்தான் நன்றாக வருகிறதே!

இப்போது தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். பழைய பிரிண்டர் பதில் சொல்லாமல் நின்றால், பேசாமல் இருப்பது மெஷினா, வழியா, கம்ப்யூட்டரா என்று முதலில் பிரிக்க வேண்டும். பிரிக்க ஐந்து நிமிடம் போதும். பிரிண்டரின் பின்னால் இருக்கும் யூஎஸ்பி, நெட்வொர்க் கேபிள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். கரண்ட் மட்டும் இருக்கட்டும். திரை உள்ள மெஷினில் மெனுவுக்குள் போய் ‘ரிப்போர்ட்ஸ்’, அதற்குள் ‘கான்ஃபிகரேஷன் பேஜ்’ கொடுங்கள். பட்டன் மட்டும் உள்ள ரகங்கள் பலவற்றில், பச்சை விளக்கு எரியும்போது அந்த பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டால் அதுவே ஒரு பக்கம் அடிக்கும். அந்தப் பக்கம் தெளிவாக வந்துவிட்டால் லேசர், டிரம், மைத்தூளைச் சூட்டில் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர், மோட்டார், மூளை போர்டு எல்லாமே உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். போர்டில் மிச்சமிருக்கும் ஒரே சந்தேகம் கேபிள் சொருகும் துளை. இதைச் செய்யாமல் யார் வந்து “போர்டு போச்சு” என்றாலும் நம்ப வேண்டாம். திரையும் பட்டனும் இல்லாத, கம்ப்யூட்டரில் போடும் டிரைவர் மென்பொருளை நம்பியே ஓடுகிற சின்ன ரகங்களில் இந்தச் சோதனை கிடையாது. அவற்றை வேறொரு கம்ப்யூட்டரில் யூஎஸ்பியில் மாட்டிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

அந்தக் கான்ஃபிகரேஷன் பக்கத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மொத்தம் எத்தனை பக்கம் அடித்திருக்கிறது, டோனர் எவ்வளவு மிச்சம் என்பதோடு, நெட்வொர்க் பகுதியில் ஐபி எண் (நெட்வொர்க்கில் பிரிண்டரின் முகவரி), அந்த எண் தானாக வந்ததா கையால் போட்டதா, போர்டுக்கே உரிய பன்னிரண்டு எழுத்துள்ள ஹார்ட்வேர் அட்ரஸ் எல்லாம் இருக்கும். என் கேஸில் மொத்தப் பதிலும் அந்த ஒரே தாளில் இருந்தது. ஐபி எண் 192.168.1.50. பக்கத்தில் ‘மேனுவல்’. புது ரூட்டர் கம்ப்யூட்டர்களுக்குக் கொடுத்த எண்களோ 192.168.29-ல் தொடங்கின. முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே தெரு. இங்கே கம்ப்யூட்டர்கள் எல்லாம் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டன, பிரிண்டர் மட்டும் பழைய தெருவில் கதவைத் திறந்துவைத்து ‘ரெடி’ என்று உட்கார்ந்திருந்தது. பழைய மோடம் இருந்த காலத்தில் யாரோ அந்த எண்ணைக் கையால் போட்டிருக்கிறார்கள், அது தப்பும் இல்லை. ரூட்டர் மாறினால் இதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

இது தெரியாமல் செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். ஆஃப்லைன் என்று வந்தாலே எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம் அதுதான், எனக்குத் தெரிந்து மிகக் குறைவாகப் பலிக்கிற வைத்தியமும் அதுதான். நேற்றுவரை வேலை செய்த டிரைவர், நடுவில் விண்டோஸ் அப்டேட் எதுவும் வராமல், மூன்று கம்ப்யூட்டரில் ஒரே மதியம் எப்படிக் கெடும்? ஒன்றில் மட்டும் வராவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் நின்றால் டிரைவர் பக்கமே போகாதீர்கள். புதன்கிழமை முகூர்த்த நாள். அன்றைக்குப் பதிவு அலுவலகத்தில் டோக்கன் கூடுதலாகத் தருவார்கள், கூட்டம் சொல்ல வேண்டாம். பென் டிரைவில் பத்திரங்களைப் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினோம். இரண்டு நாளில் 1,140 ரூபாய். பணத்தைவிட, ஊரார் ஆதார் நம்பரும் சொத்து விவரமும் உள்ள ஃபைல்களை அந்தக் கடை கம்ப்யூட்டரில் திறந்துவைத்துக்கொண்டு வரிசையில் நின்றதுதான் கூச்சமாக இருந்தது. அப்படிப் போக நேர்ந்தால் வேர்டு ஃபைலாகக் கொண்டுபோகாமல் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். எழுத்துரு மாறி நாலெல்லை விவரம் கட்டங்கட்டமாக வருவதாவது மிச்சமாகும். அடித்து முடித்ததும் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டிலும் ஃபைல் கிடக்கிறதா என்று பார்த்து அழித்துவிட்டு வாருங்கள்.

வியாழக்கிழமை மெக்கானிக் வந்தார். தன் லேப்டாப்பில் யூஎஸ்பி போட்டு அடித்தார், பக்கம் வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து பிங் செய்தார், அதாவது அந்த எண்ணில் ஆள் இருக்கிறதா என்று நெட்வொர்க் வழியே கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. “சார், போர்டுல நெட்வொர்க் சைடு போயிடுச்சு. மாத்தினாதான் வரும்.” எவ்வளவு ஆகும் என்றேன். “புதுசு இப்ப வர்றதில்ல சார். செகண்ட்ஹேண்ட்ல மூணு எட்டு.” யூஎஸ்பியில் ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி மற்ற இரண்டுக்கும் ஷேர் செய்து பார்க்கலாமே என்றேன். அதையும் செய்தார். ஒரு மேஜையில் பழைய விண்டோஸ் 7, அது இணைய மறுத்து, 0000011பி என்று முடியும் பிழை எண்ணைக் காட்டியது. இது பலருக்கு வருவதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் விண்டோஸின் பிரிண்ட் பகுதியில் பெரிய ஓட்டைகள் வெளிவந்தன. அதையொட்டி அந்த ஆண்டு செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு, பிரிண்டரைப் பகிரும் கம்ப்யூட்டர் பாதுகாப்பான இணைப்பை மட்டுமே ஏற்கும். அப்டேட் இல்லாத பழைய கம்ப்யூட்டரால் அந்த முறையில் பேச முடியாது, அதனால் பிழை. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றி இந்தப் பூட்டைத் திறக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். திறக்கலாம்தான், ஓட்டையும் சேர்ந்து திறக்கும். பிரிண்டரில் நெட்வொர்க் துளை இருந்தால் ஷேரிங்கை விட்டுவிட்டு ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் நேராகப் பிரிண்டரின் ஐபி எண்ணோடு சேர்ப்பதே நல்லது.

மூன்று மேஜைக்கும் வேண்டும் என்ற அவசரத்தில் போர்டுக்குத் தலையாட்டியது நான்தான், மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் தலையாட்டும் முன் ஒன்றைப் பார்த்திருக்கலாம். பிரிண்டரின் பின்புறம் நெட்வொர்க் கேபிள் போகும் துளையின் ஓரத்தில் அரிசி அளவில் இரண்டு விளக்கு இருக்கும். ஒன்று நிலையாக எரிந்தால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கம்பி வழியாக ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று பொருள். இன்னொன்று விட்டுவிட்டு மின்னினால் போக்குவரத்து இருக்கிறது. எங்களுடையதில் இரண்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. நான் அதைப் பார்த்தேன்கூட, என்னவென்று தெரியாது. விளக்கு எரிகிறது, பிங் மட்டும் வரவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது முறை எண்ணில்தான் கோளாறு. விளக்கே எரியாவிட்டால்தான் கேபிள், கேபிளின் முனையில் உடைந்த கிளிப், நெட்வொர்க் ஸ்விட்ச்சின் துளை, கடைசியாகப் போர்டு என்று வரிசையாகச் சந்தேகப்பட வேண்டும். எலி கடித்த கேபிளும் உண்டு. வேறொரு கம்ப்யூட்டரின் கேபிளைக் கழற்றி இதில் போட்டுப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

பிங்கின் பதிலையும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தட்டிக் கறுப்புத் திரையைத் திறந்து ‘பிங்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பிரிண்டர் எண்ணைக் கொடுக்க வேண்டும். ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று நான்கு வரி வந்தால், பெரும்பாலும் எண் வேறு தெருவைச் சேர்ந்தது. கேள்வி ரூட்டர் வழியே எங்கோ போய்த் தொலைகிறது. உங்கள் கம்ப்யூட்டரின் எண்ணிலிருந்தே ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று பதில் வந்தால் தெரு சரி, அந்த வீட்டில் ஆள் இல்லை. அதாவது பிரிண்டர் வேறு எண்ணில் இருக்கிறது, அல்லது கேபிளில் இல்லை.

சனிக்கிழமை போர்டு மாறியது. நான்கு ஸ்க்ரூ, இரண்டு ரிப்பன் கேபிள், இருபது நிமிட வேலை. மாற்றியதும் நெட்வொர்க்கில் வந்துவிட்டது! போர்டுதான் கோளாறு என்று ஆபீஸே நம்பியது. நடந்தது வேறு. வேறு மெஷினிலிருந்து கழற்றிச் சுத்தம் செய்து விற்ற அந்தப் போர்டில் ஐபி எண்ணைத் தானாக வாங்கிக்கொள்ளும் அமைப்பு இருந்தது. அது ரூட்டரிடம் கேட்டு 192.168.29.34 என்று ஒரு எண்ணை வாங்கிக்கொண்டது. பழைய போர்டில் மெனுவுக்குள் போய் ‘ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்’ கொடுத்திருந்தால் அதுவும் இதையேதான் செய்திருக்கும்.

சந்தோஷம் ஒரு நிமிடம்தான். மெக்கானிக் கம்ப்யூட்டரில் புது எண்ணைப் போட்டதும், திங்கட்கிழமையிலிருந்து ‘அடிப்பா, அடிப்பா’ என்று அடித்துவைத்திருந்த 23 பிரிண்டும் வரிசையாக வெளியே வரத் தொடங்கியது. ட்ரேயில் அப்போது ஆறு நூறு ரூபாய் முத்திரைத்தாள். பவரை அணைக்கக் கை போவதற்குள் ஆறும் போய்விட்டது. ஒன்றில் ரத்தான கிரய ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம், இன்னொன்றில் டெஸ்ட் பேஜ். கெட்ட முத்திரைத்தாளுக்கு மனுப் போட்டுப் பணம் கேட்க வழி உண்டு என்றாலும் அறுநூறு ரூபாய்க்கு அலைய யாருக்கு நேரம்? பேசாத பிரிண்டருக்கு ஒரு முறைக்கு மேல் பிரிண்ட் கொடுக்காதீர்கள். பழுது பார்க்கத் தொடங்கும்போதே ட்ரேயில் உள்ள நல்ல தாளை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் அடித்த வேண்டாத தாளைப் போட்டுவையுங்கள்.

தேங்கிய வரிசையைச் சுத்தம் செய்வதற்கும் முறை இருக்கிறது. ‘கேன்சல் ஆல்’ கொடுத்தால் பல நேரம் ‘டிலீட்டிங்’ என்று சொல்லிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். அப்போது ஸ்டார்ட்டில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, பட்டியலில் பிரிண்ட் வரிசையை நடத்தும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை வலது கிளிக் செய்து ‘ஸ்டாப்’ கொடுங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டர். அதற்குள் இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழிக்க வேண்டாம். திரும்பி வந்து ஸ்பூலரை ‘ஸ்டார்ட்’ செய்யுங்கள். ஸ்பூலரை நிறுத்தாமல் அழிக்கப் போனால் ‘ஃபைல் உபயோகத்தில் இருக்கிறது’ என்று அடம்பிடிக்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி வரிசை, எனவே மூன்றிலும் செய்ய வேண்டும். ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் பிரிண்ட் நிற்கும்போது, கெட்டுப்போன ஒரு பிடிஎஃப் முன்னால் படுத்துக்கொண்டு பின்னால் உள்ளவற்றை மறிப்பதும் உண்டு. இதே வைத்தியம்தான்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் கரண்ட் போய் வந்தது. பிரிண்டர் மறுபடி ஆஃப்லைன். 3,800 ரூபாய் போர்டு ஐந்தே நாளில் போய்விட்டதா என்று வயிறு எரிந்தது. மெக்கானிக்குக்கு போன் போடக் கையில் எடுத்துவிட்டு, சரி, பிங் செய்தாவது பார்ப்போம் என்று 29.34-க்கு பிங் செய்தேன். பதில் வந்தது! ஆனால் பிரிண்ட் வரவில்லை. இங்கேதான் ஒரு மணி நேரம் மண்டை காய்ந்தேன். கடைசியில் கான்ஃபிகரேஷன் பக்கம் அடித்துப் பார்த்தால் பிரிண்டரின் எண் 29.37. அப்படியானால் 34-ல் இருந்து பதில் சொன்னது யார்? ஆபீஸ் பையனின் செல்போன். கரண்ட் வந்து ரூட்டர் எழுந்ததும், யாருக்கு எந்த எண் என்ற பழைய கணக்கை மறந்துவிட்டு முந்தி வந்தவருக்கு முந்தி என்று கொடுத்திருக்கிறது. வைஃபையில் இருந்த போன் முந்திக்கொண்டது.

எனவே பிங் பதில் வருவதால் அது பிரிண்டர்தான் என்று ஆகிவிடாது. அந்த எண்ணை பிரவுசரின் முகவரிப் பட்டையில் அடித்துப் பாருங்கள். நெட்வொர்க் பிரிண்டராக இருந்தால் டோனர் அளவு, பக்கக் கணக்கு எல்லாம் காட்டும் அதன் சொந்தப் பக்கம் திறக்கும். போனாக இருந்தால் ஒன்றும் வராது. பிரிண்டர் தானாக வாங்கிய எண் 169.254 என்று தொடங்கினால் வேறு கதை: ரூட்டரிடம் கேட்டுப் பதில் கிடைக்காமல் தனக்குத்தானே வைத்துக்கொண்ட எண் அது. கரண்ட் வந்ததும் பிரிண்டர் அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறது, ஃபைபர் ரூட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. பொறுமை இல்லாத பழைய பிரிண்டர் அதற்குள் சலித்துப்போய் இந்த எண்ணைப் போட்டுக்கொள்ளும். ரூட்டர் முழுதாக வந்த பிறகு பிரிண்டரை மட்டும் ஒரு முறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

நிரந்தரத் தீர்வு, பிரிண்டருக்கு மாறாத எண் கொடுப்பது. இரண்டு வழி. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்தில் பிரிண்டரின் ஹார்ட்வேர் அட்ரஸைப் போட்டு, இதற்கு இந்த எண்தான் என்று எழுதிவைக்கலாம். அல்லது பிரிண்டர் மெனுவிலேயே ‘மேனுவல்’ ஆக்கி, ரூட்டர் மற்றவர்களுக்கு வழங்கும் எண் வரம்புக்கு வெளியே ஒன்றைப் போடலாம். நான் முதல் வழியில் 192.168.29.200 கொடுத்தேன். முதல் வழிதான் மேல் என்பது என் கட்சி. நாளைக்கு ரூட்டர் மாறினாலும் பிரிண்டர் தானாகப் புதுத் தெருவுக்கு வந்துவிடும், புது ரூட்டரிலும் அதே மாதிரி ஒரு எண்ணை எழுதிவைத்து, கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றினால் போதும். இரண்டாம் வழியில் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு, திரையில்லாத பிரிண்டர் பழைய எண்ணோடு நின்றால் அதை எட்டவும் ஒரு வழி உண்டு. ஒரு லேப்டாப்பை நெட்வொர்க் கேபிளால் நேராகப் பிரிண்டரில் சொருகுங்கள், வைஃபையை அணையுங்கள், லேப்டாப்பின் ஐபி எண்ணைக் கையால் 192.168.1.10 என்றும் சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்றும் போடுங்கள். இப்போது பிரவுசரில் 192.168.1.50 திறக்கும், உள்ளே போய் மாற்றிவிடலாம். வேலை முடிந்ததும் லேப்டாப்பை மறுபடி ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்க மறந்தால் வீட்டுக்குப் போய் இன்டர்நெட் வரவில்லை என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டிய இடம் ‘பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்’, அதில் ‘போர்ட்ஸ்’ தாவல். இரண்டு மூன்று போர்ட் (பிரிண்ட் எந்த வழியாகப் போக வேண்டும் என்ற குறிப்பு) கிடக்கும், எதில் டிக் இருக்கிறது என்று பாருங்கள். ‘டபிள்யூஎஸ்டி’ என்று இருந்தால் விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துப் போட்டது, பழைய மெஷின்களில் அடிக்கடி காணாமல் போகும். ‘ஆட் போர்ட்’ கொடுத்து ‘ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி’ தேர்ந்து எண்ணைப் போடுங்கள், உள்ளே ‘ரா’, போர்ட் எண் 9100 என்று இருக்க வேண்டும். அதே கட்டத்தின் அடியில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்’ என்று ஒரு டிக் இருக்கும். எண் சரி, பிங் சரி, பிரவுசரிலும் திறக்கிறது, ஆனாலும் ‘ஆஃப்லைன்’ என்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பிரிண்டரிடம் நலம் விசாரித்துப் பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று விண்டோஸ் முடிவுகட்டுவது இதனால்தான். டிக்கை எடுத்தால் டோனர் குறைந்தது, தாள் தீர்ந்தது என்ற செய்தி கம்ப்யூட்டருக்கு வராது, அவ்வளவே. யூஎஸ்பியில் ஒரு நாள் ஓட்டியதால் ‘காப்பி 1’ என்று அதே பெயரில் இன்னொரு பிரிண்டரும் பட்டியலில் முளைத்திருக்கும். விண்டோஸ் 10 முதல், கடைசியாக எதில் அடித்தோமோ அதையே டிஃபால்ட் ஆக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதை அணைத்துவிட்டுச் சரியானதை நீங்களே டிஃபால்ட் ஆக்குங்கள்.

கரண்ட் விஷயம் ஒன்று. கட் ஆனதால்தானே இந்தத் தொல்லை, பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டிவிடலாம் என்று தோன்றும். கூடாது. லேசர் பிரிண்டரின் ஃபியூசர் டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கிறது, அதற்கு 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். சூடேறும் சில விநாடிகளில் பல நூறு வாட் இழுக்கும். மேஜையடியில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவதே ஏறக்குறைய 360 வாட். பிரிண்டர் விழித்ததும் யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்து, கூடவே கம்ப்யூட்டரையும் இழுத்துக்கொண்டு போகும். பிரிண்டரைச் சுவர் பிளக்கில் நேராக மாட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நான்காவதாக வேண்டாம். யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டியது ரூட்டர். அது அணைந்து அணைந்து எழாமல் இருந்தாலே எண் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

நெட்வொர்க்கெல்லாம் சரியான பிறகு, இன்னொரு விதமான மௌனம் இருக்கிறது: பிரிண்ட் போகிறது, மோட்டார் முனகுகிறது, தாள் அசையாமல் ‘பேப்பர் ஜாம்’ என்கிறது. திறந்து பார்த்தால் ஒரு தாளும் சிக்கியிருக்காது. இது வயசான மெஷினின் வியாதி. முதலில் பிக்கப் ரோலர். ட்ரேக்கு மேலே இருக்கும் அரைவட்ட ரப்பர், தாளின் தூசி ஏறிப் பளபளப்பாகிவிடும். பஞ்சு பறக்காத துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். தின்னர், பெட்ரோல் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். துடைத்தும் வழுக்கினால் மாற்ற வேண்டியதுதான், ரோலரோடு கீழே இருக்கும் செபரேஷன் பேடையும் சேர்த்து மாற்றுங்கள். ரோலர் மட்டும் புதிதானால் இரண்டு மூன்று தாளாகச் சேர்த்து இழுக்கும்.

ரோலர் நன்றாக இருந்தும் தாள் நேரம் தவறி வந்தால் பக்கவாட்டு மூடியைக் கழற்றிச் சாலினாய்டைப் பாருங்கள். தீப்பெட்டியில் பாதி அளவு, செப்புக்கம்பி சுற்றியது, முன்னால் ஒரு சின்ன இரும்புத் தகடு. கரண்ட் வந்ததும் தகட்டை ‘டக்’ என்று இழுத்து விடும், அந்த விநாடியில்தான் ரோலர் ஒரு சுற்றுச் சுற்றும். தகடு மோதுமிடத்தில் சத்தம் குறைக்க ஒரு துளி ஃபோம் ஒட்டியிருப்பார்கள். பத்து வருட வெயிலிலும் ஃபியூசர் சூட்டிலும் அது பலாப்பழப் பிசின் மாதிரி ஆகிவிடும். தகடு அதில் ஒட்டிக்கொண்டு, விட வேண்டிய நேரத்தில் விடாது. பல் குத்தும் குச்சியால் பிசினைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, அதே இடத்தில் துணி டேப் ஒரு துண்டு ஒட்டினால் போதும். ஒட்டும் பக்கம் தகட்டின் பக்கம் வரக் கூடாது. கரண்டைப் பிடுங்கி, ஃபியூசர் ஆற அரைமணி நேரம் விட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். மூடி திறந்தபடி ஓடட்டும் என்று சேஃப்டி சுவிட்சில் குச்சி சொருகுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். உள்ளே இருக்கும் லேசர் கண்ணுக்குத் தெரியாத ரகம், பட்டபிறகுதான் தெரியும்.

முத்திரைத்தாள் கனமானது. டிரைவரில் ‘ப்ளெயின்’ என்றே விட்டால் டோனர் முழுதாக உருகாமல் நிற்கும். அடித்த எழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கறுப்பு ஈஷினால் ‘பேப்பர் டைப்’பை ‘ஹெவி’ என்று மாற்றுங்கள். கனத்த தாளுக்கு வேண்டிய சூடு அப்போதுதான் கிடைக்கும், பல மெஷின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஹெவியிலும் ஈஷினால் ஃபியூசர் ஃபிலிம் தேய்ந்திருக்கலாம். டோனர் கொட்டினால் குளிர்ந்த தண்ணீரில் துடையுங்கள். வெந்நீர் பட்டால் அது துணியிலேயே உருகி ஒட்டும், அடிப்படையில் அது பிளாஸ்டிக் தூள்தான்.

கேபிள் இல்லாமல் கான்ஃபிகரேஷன் பக்கமே வராத மெஷினாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவது நியாயம். அப்போதும் திரையில் வரும் பிழை எண்ணைப் போட்டோ எடுத்து முதலில் அனுப்புங்கள். ஃபியூசர் பிழையா, லேசர் பிழையா என்று தெரிந்தே வருவார், ஒரு விசிட் மிச்சம். எங்களுக்கு இரண்டு விசிட் தலா 400. திரை இருண்டு, விளக்கே எரியாவிட்டால் பவர் சப்ளை. அதில் தலை உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், மாற்றுவது சில்லறைக் காசு. ஆனால் அந்தப் பகுதியை நீங்கள் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும். போர்டு, ஃபியூசர் எதை மாற்றினாலும் கழற்றிய பழசைக் கேட்டு வாங்கிவையுங்கள். நான் கேட்டதால் மெக்கானிக் கொஞ்சம் முகம் சுளித்தார், கொடுத்துவிட்டார்.

அந்தப் பழைய போர்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிப் பார்த்தேன். அதே நான்கு ஸ்க்ரூ. மெனுவில் ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ். ஹார்ட்வேர் அட்ரஸ் வேறு என்பதால் ரூட்டரில் அதை மட்டும் திருத்தினேன், எண் அதே 200. பக்கம் வந்தது. இன்றுவரை அதுதான் ஓடுகிறது. 3,800 ரூபாய் போர்டு பீரோவில், ஆன்டி-ஸ்டாட்டிக் கவருக்குள், ‘நல்லது’ என்று எழுதிய ஸ்டிக்கரோடு இருக்கிறது. பிரிண்டரின் நெற்றியிலும் ஒரு ஸ்டிக்கர்: ஐபி எண், ஹார்ட்வேர் அட்ரஸ், ரோலர் மாற்றியபோது இருந்த பக்கக் கணக்கு.